அப்புறம் பார்த்தசாரதி

தெருவுக்கு ஒரு பார்த்தசாரதி இருக்கிறார். கரண்ட் பில்லோ, இன்ஷூரன்ஸ் பிரீமியமோ ஒரு நாள் பிந்தாதவர். வெளியூர் கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர். ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் ‘அப்டேட் தயார்’ என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்ததும், ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் நன்கொடைக்காரரைக் கண்ட மாதிரி அவர் முகம் சுருங்கிவிடும். ‘அப்புறம்’ என்கிற பொத்தானை அழுத்திவிட்டுக் கணக்குப் பார்க்கப் போய்விடுவார். ராத்திரி அணைக்க வந்தால் பவர் குறியில் ஆரஞ்சுப் புள்ளி மின்னும். ‘அப்டேட் செய்து ஷட் டவுன்’ என்பதைத் தொடாமல் வெறும் ‘ஷட் டவுன்’ எங்கே என்று தேடுவார். கிடைக்காவிட்டால் சிபியூ பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக் கதையை முடிப்பார். வைஃபையை ‘மீட்டர்டு’ என்று மாற்றிவைத்தால் பெரும்பாலான அப்டேட்கள் தானாக இறங்காது என்பதையும் எங்கோ கற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான். கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

இவரைச் சோம்பேறி என்று சொல்வது அநியாயம். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுச் சும்மா இருப்பதைவிட, மாதக்கணக்கில் தப்பித்துக்கொண்டே இருப்பதுதான் அதிக உழைப்பு. அவரை ஓட்டுவது பயம், அந்தப் பயத்துக்கு வரலாறும் உண்டு. அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரர் அன்றைக்கே, “எது வேணா பண்ணுங்க சார், அப்டேட் மட்டும் போட்றாதீங்க” என்று உபதேசம் செய்திருப்பார். கடைக்காரர் போட்டுக்கொடுத்தது எந்த விண்டோஸ் என்பது கடைக்காரருக்குத்தானே தெரியும்! 2010-இல் திருட்டு விண்டோஸ் 7-ஐக் கண்டுபிடிக்கவென்றே ஒரு அப்டேட் வந்தது. காசு கொடுத்து வாங்கிய அசல் வைத்திருப்பவர்களுக்கும் நல்ல அனுபவம் மட்டுமே வாய்க்கவில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றிவைத்திருந்த சிலரிடம், பழைய இடத்தில் மிச்சமிருந்த ஃபைல்களை அழித்துவிட்டது. சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி, சரிசெய்து, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. பார்த்தசாரதி இதை மேற்கோள் காட்டினால் மறுக்க முடியாது.

ஆனால் அவர் பயப்படுவது ஒன்று, தள்ளிப்போடுவது இன்னொன்று. 2018-இல் சொதப்பியது புது வசதிகளைக் கொண்டுவரும் பெரிய பதிப்பு. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நமக்கு இரவு பத்தரை பதினொன்றரைக்கு வருவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலை, 2003-லிருந்து நடக்கிறது. அதுவும் எப்போதாவது தகராறு செய்யும்தான். ஆனால் ஓட்டையை அடைத்த அன்றே அது எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. பழைய ஃபைலையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்தே திருடர்கள் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். போட்டவருக்கு அது மருந்து; போடாதவரின் வீட்டுக்கோ அது வழிகாட்டும் வரைபடம். 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்தது. மே 12-இல் வானாக்ரை என்கிற பணம் பறிக்கும் நிரல் அதே ஓட்டை வழியாக நுழைந்து, ஃபைல்களைப் பூட்டி, முந்நூறு டாலர் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. மாட்டியதெல்லாம் அரதப்பழசான எக்ஸ்பி என்றுதான் பலர் நினைத்தார்கள். பெரும்பாலானவை விண்டோஸ் 7, அதாவது இரண்டு மாதமாக மருந்து தயாராக இருந்தவை.

“என் கம்ப்யூட்டர்ல திருட என்னங்க இருக்கு?” என்பது பார்த்தசாரதியின் அடுத்த அஸ்திரம். இருக்கிறது: மகள் கல்யாண போட்டோக்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், நெட் பேங்கிங். எல்லாம் டி டிரைவில் இருக்கிறதாம், சி போனாலும் டி போகாதாம். ஃபார்மட் செய்த காலத்து நம்பிக்கை. வானாக்ரை போன்றவை சி, டி பேதம் பார்ப்பதில்லை. செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டும். வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காதா என்றால், ஓரளவு தடுக்கும். ஹாஸ்டல் வைஃபையில் மேய்ந்துவிட்டு லீவுக்கு வரும் பேரனின் லேப்டாப்பை உள்ளே விடுவது யார்? பாஸ்வேர்டை எழுதிக் கொடுப்பதே தாத்தாதான். பாதியில் கரண்ட் போய்விட்டால் என்கிற கேள்வி மட்டும் நியாயமானது. அதற்கு யுபிஎஸ் இருக்கிறது, மின்தடை அறிவிக்காத நாள் இருக்கிறது.

அவசரப்படாமல் இருக்கும் உரிமையை நான் பறிக்கவில்லை. 2019-க்குப் பிறகு வீட்டு விண்டோஸ் 10-இலேயே ஏழு ஏழு நாளாக, மொத்தம் முப்பத்தைந்து நாள் வரை அப்டேட்டை நிறுத்திவைக்க வசதி உண்டு. ஒரு வாரம் நிறுத்தி, யாருக்காவது கோளாறு வந்ததா என்று செய்தி பார்த்து, போட்டோக்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிட்டுப் போடுவதுதான் ஜாக்கிரதை. பார்த்தசாரதியின் ‘அப்புற’த்துக்குத் தேதி கிடையாது என்பதுதான் தகராறு.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் வேண்டுபவர்கள் பதிவுசெய்துகொள்ளலாம் என்று திரையில் ஒரு பெட்டி வந்தது. அதையும் ‘அப்புறம்’ என்று அனுப்பிவிட்டார். சில மாதமாக ஆரஞ்சுப் புள்ளி வருவதில்லை. “பாத்தீங்களா, விட்டுப் பிடிச்சா தானா வழிக்கு வந்துடும்” என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.