போஸ் போட்ட கணக்கு

கே: குவாண்டம் கொள்கை இயற்பியலில் அப்படி எதைத்தான் புரட்டிப் போட்டது?

ப: எண்ணிக்கையையே! இரண்டு நாணயங்களைச் சுண்டினால், ஒன்று பூ, ஒன்று தலை விழ இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இரண்டும் தனித்தனி நாணயங்களாயிற்றே! இரண்டே நிலைகள் உள்ள இடத்தில் இரண்டு ஒளித்துகள்களை விட்டால்? இது முதலாவது, அது இரண்டாவது என்று அவற்றுக்குப் பெயரே வைக்க முடியாது. இடம் மாற்றினாலும் புதிய அமைப்பு பிறக்காது. ஆக, இரண்டும் முதல் நிலையில், இரண்டும் அடுத்த நிலையில், ஆளுக்கொன்றில் என மூன்றே அமைப்புகள். ஆளுக்கொரு நிலையில் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். டாக்காவிலிருந்த சத்யேந்திரநாத் போஸ் 1924-ல் இப்படி எண்ணித்தான் சூடான பொருள் வீசும் ஒளியை விளக்கும் பிளாங்கின் கதிர்வீச்சு விதியை வருவித்தார். முன்பின் தெரியாத அவர் அனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். என்ன பெரிய மனசு! கடுங்குளிரில் அணுக்களும் ஒரே நிலையில் குவியும் என்று ஐன்ஸ்டைன் அந்தக் கணக்கை நீட்டினார். அணு வாயுவில் அதைக் கண்ணால் பார்க்க 1995 ஆகிவிட்டது.