நல்ல வண்டியை ஏனுங்க உதைக்கறான்?

காப்காம் கம்பெனி 2018-ல் ஒரு காரியம் செய்தது. கடைகளில் காசு போட்டு ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் சண்டை ஆட்டங்களில், 1987 முதல் 1999 வரை வந்த 12-ஐ ஒரே தட்டில் அடைத்து, 30-ஆம் ஆண்டுத் தொகுப்பு என்று விற்றது. பட்டியலைப் படித்தால் லேசாகச் சந்தேகம் வரும். அதில் ஐந்து, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-தான். முதலில் வெறும் 2. பிறகு நான்கு வில்லன்களையும் நாமே ஆடலாம் என்று சாம்பியன் எடிஷன். வேகம் கூட்டி ஹைப்பர் ஃபைட்டிங். நாலு புது ஆட்களைச் சேர்த்து சூப்பர். அதற்கும் மேலே சூப்பர் டர்போ. மூன்றே வருஷத்தில் இத்தனையும்!

இந்த ஐந்திலும் நான் ஆடிய ஆட்டம் இல்லை. சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில், ஒரு ரூபாய்க்கு நாங்கள் ஆடியதில் ரியூ என்ற வீரன் அந்தரத்தில் பறந்தபடியே நெருப்புப் பந்து வீசுவான். பந்து எதிராளியைத் தேடிக்கொண்டு போகும். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் சண்டை நடுவிலேயே ஆள் மாறிவிடும். சாம்பியன் எடிஷன் போர்டை யாரோ கள்ளத்தனமாகத் திருத்தி விட்டது அது; ரெயின்போ எடிஷன் என்று பேர். அதன் கன்னாபின்னா வேகத்தைப் பார்த்துத்தான் காப்காமின் அமெரிக்கக் கிளைக்கே ஹைப்பர் ஃபைட்டிங் யோசனை வந்தது. நகலைப் பார்த்து அசல் திருந்தியது. ஆனால் தொகுப்பில் நகலுக்கு இடமில்லை.

தட்டு நாமக்கல் வீட்டுக்கு வந்ததும் முதல் பார்வையாளர் என் மாமனார். இரண்டு லாரி வைத்து நேஷனல் பெர்மிட்டில் ஓட்டியவர். ஆட்டத்தில் வரும் இந்திய வீரன் தால்சிம்மைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜப்பான்காரன் கோட்டைக் கூரைமேல் சண்டை போடுகிறான், அமெரிக்கன் விமானத் தளத்தில். நம் நாட்டுக்காரன் யானைகளுக்கு நடுவே, கழுத்தில் மண்டையோட்டுடன் யோகம் செய்து நெருப்புக் கக்குகிறான். கை கால் வேறு ரப்பராக நீளுகிறது. அப்படி ஒரு கை, படியில் நின்றபடியே கடைசி சீட்டுக்கு டிக்கெட் நீட்டும் சேலம்–நாமக்கல் பஸ் கண்டக்டருக்குத்தான் உண்டு.

அதையெல்லாம் மாமா பொறுத்துக்கொண்டார். ஆனால் நடுவில் போனஸ் கட்டம் ஒன்று வரும். நின்றிருக்கும் காரை உதைத்தே நொறுக்க வேண்டும்.

"ஏனுங் மாப்பிள்ளை, நல்ல கண்டிசன்ல நிக்கற வண்டியை எதுக்குங்க உதைக்கறான்?"

"அது போனஸுங்க மாமா."

"போனஸா? டிங்கரிங், பெயிண்டிங் செலவெல்லாம் ஆரு குடுக்கறது?"

லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் பேர் வாங்கிய ஊரில் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? உண்மையில் அந்தக் காருக்குத்தான் சண்டை ஆட்டங்கள் கடன்பட்டிருக்கின்றன. 1991-ல் வந்த முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தயாராகும்போது, காப்காமின் நோரிடாகா ஃபுனமிசு இந்தக் கார்க் கட்டத்தைச் சரிபார்த்தார். ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி நுழைந்துவிடுவதைக் கவனித்தார். பிழைதான். இவ்வளவு துல்லியமாக நேரம் பார்த்து அடிக்க எவனால் முடியும் என்று அப்படியே விட்டார்கள். பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள், காம்போ என்று பேரும் வந்தது. பின்னால் வந்த சண்டை ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்தப் பிழையை வைத்துத்தான் பிழைக்கின்றன. மாமாவிடம் இதையும் விளக்கினேன். "அப்பவும் வண்டி போச்சுங்களே" என்றார்.

தொகுப்பின் மேல் எனக்கிருக்கும் புகார் வேறு. சந்தில் தோற்றால் காசு போச்சு. பின்னால் நிற்கும் செவ்வாய்ப்பேட்டைப் பையன் தோளைத் தட்டி எழுப்பிவிடுவான். அந்தப் பயத்தில்தான் விரல் வேலை செய்யும். இங்கே காசுக்குப் பதில் ஒரு பொத்தான், பொழுதுக்கும் அமுக்கலாம். போதாததற்குச் சண்டையின் பாதியில் சேமித்துவைத்து, அடி விழுந்தால் மறுபடி அங்கிருந்தே தொடங்கும் வசதி. என் பையன் வில்லன் சாகட்டை ஜெயித்தது அந்த வழியில். ஜெயித்தும் அவன் முகத்தில் ஒரு பொட்டுச் சந்தோஷம் இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. டிவி பக்கத்தில் உண்டியல் வையுங்கள். ஆட்டத்துக்கு ஒரு ரூபாய். தோற்றவர் எழுந்துவிட வேண்டும். சேமிப்பைத் தொட்டால் பத்து ரூபாய் அபராதம். எங்கள் வீட்டு உண்டியலுக்கு மாமனார்தான் பொறுப்பு; கார் கட்டத்துக்கு மட்டும் அவர் தனி ரேட்டு வைத்திருக்கிறார்.