‘இங்கே வந்தாச்சு’: ஒரு கூற்றாய்வு

மென்பொருள் டெஸ்ட் ஓடும்போது விழும் டீபக் லாக் வரிகளுள் தலையாயது ‘இங்கே வந்தாச்சு’. இடையாயது ‘உள்ளே’. கடையாயது ‘111’. இவற்றைச் சொன்னது யார், எங்கிருந்து என்பது புலவரிடையே இன்னும் தீராத வழக்கு.

அகப்பாட்டில் மாந்தரின் இயற்பெயர் வரலாகாது என்பது மரபு. அதனாலேயே தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று குறிப்பு வைத்தார்கள். லாக் எழுதுவோரும் அகத்திணை மரபினரே. பெயர் சொல்ல மாட்டார்கள். குறிப்பு வைக்கத்தான் ஆளில்லை.

களச்சான்று கொச்சியின் மட்டாஞ்சேரியில் கிடைக்கிறது. அங்கே 1957 முதல் மிளகு முன்பேர வணிகம் நடந்தது. கணினி வரும்வரை விலையை வாய்விட்டுக் கூவித்தான் வியாபாரம். பலர் ஒருசேரக் கத்தியும் பேரம் படிந்தது. என்னை? கூவியவர் முகம் எதிரே இருந்தமையின் என்க. எட்டு டெஸ்டுகளை இணையாக ஓட்டினால் எட்டுக் குரலும் ஒரே பைலில் விழும், முகம் விழாது.

‘நேரம் போட்டிருக்கிறதே’ என்பர் ஒரு சாரார். அவர்கள் அதே ஊரில் பரதேசி யூத ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டை அண்ணாந்து பார்க்கக் கடவர். 1760இல் எசெக்கியேல் ரஹாபி கட்டுவித்தது. ஒரு முகத்தில் எபிரேய எண், இன்னொன்றில் ரோமன், மற்றொன்றில் மலையாளம். எண் எதுவானாலும் அங்கே மணி ஒன்றே. நம்மிடம் அதுவும் இல்லை: லேப்டாப் இந்திய நேரத்தில் எழுதும், சர்வர் யூடிசியில் எழுதும். வரிசைப்படுத்தினால் மகன் பிறந்து ஐந்தரை மணி நேரம் கழித்துத் தந்தை பிறப்பார்.

ஆகவே எல்லாரும் யூடிசியிலேயே எழுதுக. அதுவும் போதாது, கூற்றுக் குறிப்பு வேண்டும்:

[ஓட்டம் 7க3] டெஸ்ட்_மிளகு_விலை, விலை.பை:42, எதிர்பார்த்தது 640, வந்தது 0

பைல் பெயரையும் லைன் நம்பரையும் கையால் எழுதவே வேண்டாம். பைதானின் லாக்கிங் நூலகத்தில் வடிவத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் தானே போட்டுக்கொள்ளும். ‘7க3’ என்னும் ஓட்டக் குறியீடுதான் உயிர்நிலை. டெஸ்ட் தொடங்கும் இடத்தில் அதைப் பிறப்பித்து, டெஸ்ட் கூப்பிடும் ஒவ்வொரு சர்வீசுக்கும் ஹெடரில் கடத்த வேண்டும். நடுவில் ஒரு சர்வீஸ் விழுங்கினாலும் தடம் அங்கேயே அறும். விழுங்கும் சர்வீஸ் பெரும்பாலும் பக்கத்து டீமுடையது. இதற்கு இலக்கணம் காணப்படவில்லை.

வரி நீள்கிறது என்போருக்கு விடை: பைடெஸ்ட் வழக்கமாகத் தேறிய டெஸ்டின் லாக்கைக் காட்டாது, தோற்றதற்கே காட்டும். அதைப் படிக்க நேர்ந்தவருக்கு வரி நீளம் ஒரு கவலையாகவே இராது.