அட்டை இருக்கா?

“எங்க வீட்டுப் பரண்ல பழைய காமிக்ஸ் ஒண்ணு கிடக்கு” என்று யாராவது சொன்னால், “என்ன கதை?” என்று கேட்பவர் வாசகர். “அட்டை இருக்கா?” என்று கேட்பவர் சேகரிப்பாளர்.

எங்கள் கோடியக்கரையில் இரண்டாவது ரகம் ஒருவர் இருக்கிறார். உப்பளத்தில் கணக்கு எழுதுகிறார், ஐம்பதைத் தாண்டியவர். பெயர் வேண்டாம், ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, “காமிக்ஸ் சார்” தான். மாலையில் ராமர் பாதம் பக்கம் மான் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள், பூங்குழலி எந்த இடத்தில் படகு தள்ளினாள் என்று இவரிடம் வழி கேட்பதுண்டு. “பொன்னியின் செல்வனா? நல்ல கதைதான். ஆனா வாரம் முழுக்க எழுத்து, மணியம் படம் நாலஞ்சுதானே?” என்பார். கல்கியின் மேல் அவருக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் அது.

இவரைப் போன்றவர்கள் மதுரையில் உண்டு, சேலத்தில் உண்டு, சென்னையில் தெருவுக்கு ஒருவர்கூட இருக்கலாம். ஆனால் பழைய காகிதம் சேர்ப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆகாத ஊரில் குடியிருந்துகொண்டு சேர்ப்பவர் எங்கள் ஆள்தான். கிழக்கேயும் தெற்கேயும் கடல், மேற்கே சதுப்பு, வேதாரண்யம் போகிற வழியெல்லாம் உப்பளம். ஜன்னல் கம்பியே இங்கே அப்பளமாக உதிரும். புத்தகத்தின் நடுவில் இருக்கும் இரண்டு பின் எந்த மூலைக்கு? புதிதாக ஒரு பழைய புத்தகம் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் செய்வது, பின்னை நகத்தால் நெம்பிக் கழற்றி, துருக்கறையைப் பஞ்சால் ஒற்றி, அதே ஓட்டைகளில் வெள்ளை நூல் கோத்துத் தைப்பதுதான். அந்த நேரத்தில் மூச்சுகூட மெதுவாக விடுவார். சட்டைப் பொத்தான் அறுந்தால் மட்டும் ஊசி கோக்கத் தெரியாது.

தைத்தது இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டியில் வேப்பிலை, வசம்பு, இரண்டு அடுக்குக்கு ஒன்று வீதம் வேதாரண்யம் புகையிலை. மனிதர் வெற்றிலைகூடப் போடாதவர். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் புகையிலைக் கிடங்கு வாசம். அதையும் மீறி இராமபாணப் பூச்சி ஒன்றிரண்டு நுழைந்துவிடும். ராமர் பாதம் பதித்த ஊரில் அவர் பாணத்துக்கும் பங்கு உண்டு போலிருக்கிறது.

இந்த நோய் எங்கே தொடங்கியது என்று கேட்டால் சிவகாசியைக் கை காட்டுவார். பட்டாசும் காலண்டரும் செய்துகொண்டிருந்த ஊரிலிருந்து 1972-ல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைக் கொண்டுவந்தார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. ஆராய்ச்சிக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1962-ல் லண்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன். வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆங்கிலேயர் எழுதி, ஸ்பானியர் வரைந்து, சிவகாசியில் தமிழ் பேசியவனை உப்பளத்துப் பிள்ளைகள் சொந்த மாமனாகவே எடுத்துக்கொண்டார்கள். நாடெங்கும் பையன்கள் பிளக்கில் விரலை விட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஆபத்து குறைவு. அன்றைக்கு இருந்த மின்சாரத்துக்கு மாயாவி இங்கே வந்திருந்தால் பாதி மறைந்து பாதி தெரிந்துகொண்டு நின்றிருப்பான். ஆறு மாதம் தங்கியிருந்தால் கையும் துருப்பிடித்திருக்கும்.

1984 என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? இந்திரா காந்தி, போபால், அமெரிக்க ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர். காமிக்ஸ் சாருக்கு அது லயன் காமிக்ஸ் பிறந்த வருஷம். சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் தொடங்கியது; முதல் இதழ் ‘கத்திமுனையில் மாடஸ்டி’. அதே வருஷம் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டோடு. அதே வருஷம் வாண்டுமாமாவின் பூந்தளிர். “ஒரே வருஷத்துல மூணு! அரைக்கால் சட்டைக்காரன் எதைன்னு வாங்குறது?” என்று இன்றைக்கும் தவிப்பார். அடுத்த ஆண்டு, 1985-ல், பழைய புத்தகக் கடைகள் நிறைந்த சென்னை மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரம் பதில் வராது. அதற்குள் அவர் போனதே கிடையாது.

அவர் பழைய பேப்பர் கடைக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டும். நேரே காமிக்ஸ் கட்டின் பக்கம் போகமாட்டார். பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்ஸ் இருக்கா என்பார். பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். கடைசியில் போகிறபோக்கில் காலால் தட்டுப்பட்டதைப் போல அந்தக் கட்டைப் பார்த்து, “இது என்னப்பா, சின்னப் புள்ளைங்க புஸ்தகமா?” என்பார். இருபது வருஷமாக இதே நாடகம். கடைக்காரருக்கு வசனம் மனப்பாடம்.

“அண்ணே, நோட்ஸ் அந்தப் பக்கம். நீங்க கேக்குற முத்து இந்தப் பக்கம். எடைக்குக் குடுக்க மாட்டேன், எண்ணிக்கைக்குத்தான்.”

“யாரு முத்து கேட்டா? பக்கத்து வீட்டுப் பயலுக்கு ஏதாச்சும்…”

“பக்கத்து வீட்டுப் பயலுக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளை ஆச்சுண்ணே.”

வாங்கியதும் சோதனை. முதலில் பக்கம் எண்ணுவார். நடுப்பக்கம் கழன்று போயிருக்கிறதா, கூப்பனைக் கத்தரித்திருக்கிறார்களா, புள்ளிகளை இணைக்கும் படத்தை எவனாவது பேனாவால் இணைத்துத் தொலைத்திருக்கிறானா என்று பார்ப்பார். கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள் வாடகை நூலகத்திலிருந்து வந்தவை. கொலைகாரன் யார் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்ததற்கு அந்த நூலகங்கள்தான் பொறுப்பு. முதல் பக்கத்தில் பழைய சொந்தக்காரனின் பெயர், ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, திருடினால் கண் போகும் என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்கும். இதையெல்லாம் அழிக்கமாட்டார். நாயகி மாடஸ்டிக்கு எவனோ பென்சிலால் மீசை போட்டிருந்தான், அதையும் விட்டுவைத்திருக்கிறார். அழித்தால் காகிதம் போய்விடுமாம்.

கணக்கர் அல்லவா, இதற்கும் பேரேடு உண்டு. வரவு, பற்று, நிலுவை. கையில் இருப்பது வரவு. இரவல் போனது பற்று. உலகில் எங்கோ இருந்துகொண்டு இன்னும் தன்னிடம் வந்து சேராதது நிலுவை. அதைச் சிவப்பு மையில் எழுதுவார். இரவல் கொடுப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் எங்கள் காட்டில் பறவையின் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவார்கள்; அது எல்லை தாண்டிப் போனாலும் வளையத்து எண்ணை வைத்து எந்த நாட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். நம்பர் போட்டு முத்திரை குத்தித் திருத்துறைப்பூண்டிக்கு இரவல் கொடுத்த ‘ஸ்பைடர்’ மட்டும் எங்கே என்று இன்றுவரை தகவல் இல்லை.

ஸ்பைடர் போனதில் அவருக்குத் தனி வருத்தம். குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆக வேண்டும் என்று கிளம்பிய வில்லன், பிறகு மனம் மாறி நல்லவனாகிறான். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேனின் உரிமையை இழந்தபின் பிரிட்டிஷ் வார இதழுக்கு எழுதிப் பிழைத்தவர். இதைச் சொல்லும்போது சாரின் குரல் தழுதழுக்கும். “சூப்பர்மேனோட அப்பா எழுதுனதய்யா! அதைப் போயி அவன் பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டேங்கறான்!”

மனைவி பெரும்பாலும் பேசாமல் இருப்பவர். பேசினால் ஒரே வாக்கியம்தான், அது நேரே பெட்டியின் மேல் விழும். ஒருநாள் சார் தன் கட்சிக்கு ரோஜா முத்தையாவைச் சாட்சிக்கு இழுத்தார். கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தவர், வாழ்நாளெல்லாம் பழைய அச்சுப் புத்தகமும் துண்டுக் காகிதமும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் விலைக்கு வாங்கியது, இன்றைக்குச் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. மொத்தத்தையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: “அவருக்குச் சிகாகோலேருந்து வந்தாங்க. உங்களுக்கு அந்தப் பேப்பர் கடைத் தம்பிதாங்க வரும். இப்பவே ரேட்டு பேசி வச்சுக்குங்க.”

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் லயன், முத்து வாசகர்கள் கூடுவது வழக்கம். சார் வீட்டில் ‘ஈரோட்டுப் பக்கம் ஒரு காதுகுத்து’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஈரோட்டில் யாருக்காவது காது குத்துகிறார்கள். அங்கே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டே டெக்ஸ் வில்லரா கேப்டன் டைகரா, துப்பாக்கியில் யார் வேகம் என்று சண்டை போடும் பெரியவர்களைப் பார்க்கலாம். பையைத் திறந்து, கைவசம் இரண்டாக இருக்கும் ‘டபுள்ஸ்’ பிரதிகளை மாற்றிக்கொள்வார்கள். இரண்டு ராணிக்கு ஒரு முத்து என்பது பொது விகிதம்; அட்டை இல்லாவிட்டால் தனிப் பேச்சுவார்த்தை. பக்கத்தில் சோபாவில் அவர்களுடைய பிள்ளைகள் போனைப் பார்த்தபடி ‘எப்பப்பா போகலாம்’ என்று உட்கார்ந்திருக்கும்.

அவர் கடைசியாக ஒரு காமிக்ஸை முழுதாகப் படித்தது எப்போது என்று ஒருமுறை கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தார். “படிச்சா பக்கம் மடங்குமில்ல?” குழந்தைகளுக்காக அச்சான புத்தகம், குழந்தைகள் தொடக்கூடாத புத்தகமாகிவிட்டது. அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கடலில் இறங்கத் தடை இல்லை, காட்டுக் குதிரையைத் துரத்தத் தடை இல்லை. பெட்டியில் கை வைத்தால்தான் உதை.

விதிவிலக்காக ஒரே ஒருமுறை அந்தப் பெட்டி குழந்தைகளுக்குத் திறந்தது. 2018 நவம்பர், கஜா புயல். கடலோரத்து ஜனங்களை முகாமுக்குப் போகச் சொன்னார்கள். ஊரார் ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் ஒரு மாற்றுத்துணியுமாகக் கிளம்ப, சார் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய இரும்புப் பெட்டியை இரண்டு பேர் தூக்க வந்தார். “உள்ள என்ன சார்?” “பத்திரம்.” பொய் சொல்லவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பதினாறாம் தேதி விடியற்காலையில் காற்று கரை ஏறியது. பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்குள் இருட்டில் அத்தனை பேரும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, சார் பெட்டியின் மேல் குப்புறப் படுத்திருந்தார். விடிந்தால் ஊரில் ஓட்டைக் காணோம், மரத்தைக் காணோம், கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. அவர் வீட்டுக் கூரையும் போயிருந்தது.

கரண்ட் இல்லாத முகாமில் நாள் கணக்கில் முடங்கிக் கிடந்த பிள்ளைகள் பெட்டியையே சுற்றி வந்தன. சார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு டபுள்ஸ் கட்டை மட்டும் உருவினார். கை கழுவியாச்சா? இந்தப் பக்கம் காட்டு, அந்தப் பக்கம் காட்டு. ஈரத்தைத் துடை. ஆளுக்கு ஒன்று, மடக்கக் கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. ஒரு பொடியன் மாயாவியைப் புரட்டிவிட்டு, “கலரே இல்லையே தாத்தா, தண்ணி பட்டுப் போயிடுச்சா?” என்றான். மற்றொருத்தி நிவாரணச் சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்து ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்டின் முகத்தில் பருக்கை வைத்தாள். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சாம்பார்க் கறைப் பிரதியை மாற்றிக்கொள்ள யார் கேட்டாலும் இன்றைக்குக் கொடுப்பதில்லை. பேரேட்டில் அதன் நேரே ‘கஜா’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நான் விசாரித்தபோது, “டபுள்ஸ்தான், ஆனா அட்டை நல்லா இருக்கு” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது பழைய கதைகள் பளபள தாளில், பெரிய அளவில் மறுபதிப்பாக வருகின்றன. கதைதான் வேண்டுமென்றால் கவலை தீர்ந்தது. சார் அவற்றையும் சந்தா கட்டி வாங்கித் தனியாக வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கு அந்த அலமாரி திறந்தே கிடக்கிறது. “மறுபதிப்பு வந்துருச்சே, இனி நிலுவையை அடிச்சுடலாமே?” என்றால் பேரேட்டை மார்போடு சேர்த்துக்கொள்கிறார். ராணி காமிக்ஸ் நின்று போனது, பூந்தளிர் நின்று போனது; வீட்டுக்கு வீடு அம்மாக்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் பரணைக் காலி செய்தார்கள். இந்தக் கிறுக்கர்கள் எடைக்கு எடை கொடுத்து மீட்டிராவிட்டால் மறுபதிப்புக்கு மூலம் தேடுபவர்களும் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருக்க வேண்டும். இதை அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னதில்லை. சொன்னால் இன்னொரு பெட்டி வாங்கிவிடுவார்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணில் 1972-ம் வருஷத்து ‘இரும்புக்கை மாயாவி’ கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். வேதாரண்யத்தில் கோடியக்கரை பஸ் ஏறுங்கள். கடைசி நிறுத்தத்தில் காமிக்ஸ் சார் வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். நோட்ஸ் இருக்கா, பஞ்சாங்கம் இருக்கா என்று ஆரம்பிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். விலையை மட்டும் முதலில் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.