அடகுக் கடையில் நாட்டுப்பற்று

நெமிலியில் நகையை அடகு வைத்தால் வட்டியைச் சொல்வார்கள், ரசீது தருவார்கள், தேசபக்தியைக் கேட்கமாட்டார்கள். அரசு கடன் வாங்கும்போதுதான் அந்தச் சரக்கு வெளியே வரும்.

கஜானாவை தி.மு.க. காலி செய்துவிட்டது என்று 2001-இல் அ.தி.மு.க. வெள்ளை அறிக்கை விட்டது. 2021 ஆகஸ்டில் தி.மு.க.வின் முறை: குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடனாம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வேன் பிடித்து ஓடும் பெண்ணுக்கு, அவள் வாங்காத கடன்களில் இதுவும் ஒன்று. வரம்புக்குள்தான் வாங்கினோம் என்றது அ.தி.மு.க. தி.மு.க.வின் 2025-26 பட்ஜெட்டில் மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டியது. வசனத்தை இருவரும் மாற்றிக்கொண்டார்கள். வசனகர்த்தா ஒருவரே போலும்.

டெல்லி தனி ரகம். 2020-இல் கொரோனாவுக்காக மாநிலங்களின் கடன் வரம்பை மாநில உற்பத்தியில் 3 சதவீதத்திலிருந்து 5 ஆக்கியது. சும்மா அல்ல, கூடுதல் கடனில் ஒரு பங்குக்கு ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ போன்ற நிபந்தனைகள். 3 சதவீதக் கட்டுப்பாட்டை 2003-இல் தனக்கே சட்டமாகப் போட்டுக்கொண்ட மத்திய அரசின் பற்றாக்குறை, அதே 2020-21-இல் 9.2 சதவீதம். அதற்கு எந்த ரேஷன் கார்டைக் காட்டினார்களோ!