பச்சைக் காருக்குப் பின்னால் சிவப்புச் சேறு

கேள்வி: நிலக்கரிச் சுரங்கம் என்றாலே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் முகம் சுளிக்கின்றன. மின்சாரக் காருக்காகச் செம்பும் லித்தியமும் தோண்டுகிறவர்களுக்கு ராஜ உபசாரம்தானே?

பதில்: உபசாரம் உண்டு, பிரீமியத்தில் தள்ளுபடி கிடையாது! தனி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பாலிசி தருவதில்லை என்று அல்லியான்ஸ் 2018-லேயே அறிவித்தது வாஸ்தவம். ஆனால் செம்புத் தாதுவில் செம்பு பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் அரைத்த கழிவு. அதைத் தண்ணீரோடு சேர்த்து அணை கட்டித் தேக்குகிறார்கள். காப்பீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடுவது அங்கேதான்.

பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புச் சுரங்கக் கழிவணை 2019 ஜனவரி 25 மதியம் உடைந்தது. தொழிலாளர்களின் உணவகமும் அலுவலகமும் அணைக்கு நேர் கீழே! 270 பேர் மாண்டார்கள். 'அணை ஸ்திரமாக இருக்கிறது' என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். சேற்றுக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. பிறகு, 'உங்கள் கழிவணைகள் எங்கே, எப்படி இருக்கின்றன?' என்று சுரங்கக் கம்பெனிகளை வரிந்துகட்டிக்கொண்டு கேட்டவர்களில் இங்கிலாந்து திருச்சபையின் பென்ஷன் வாரியமும் உண்டு. பிரார்த்தனையை மட்டும் நம்பாத பாதிரிமார்கள்!

பாறை சும்மா இருந்தாலும் ஊர் சும்மா இருக்காது. பனாமாவின் பிரமாண்டமான கோப்ரே செம்புச் சுரங்கம், 2023 நவம்பரில் மக்கள் போராட்டத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு நின்றுபோனது. அரசியல் ஆபத்துக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள், ஓசியில் அல்ல.

சுரங்கப் பங்கு வாங்கும் உத்தேசமிருந்தால், செம்பு விலையைப் பார்க்குமுன் கழிவணைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.