இன்டர்வியூ பெரியப்பா

குடும்பத்தில் யாருக்காவது இன்டர்வியூ கார்டு வந்தால் (இப்போது கார்டு ஏது, மெயில்தான்) சம்பந்தப்பட்டவனுக்கு முன்பே அது தெரிந்துவிடும் ஒரு ஆள் உண்டு. அவர்தான் இன்டர்வியூ பெரியப்பா. வங்கியிலோ மின்வாரியத்திலோ தாலுகா ஆபீசிலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். அவர் வாழ்நாளில் போனது ஒரே ஒரு இன்டர்வியூ. அதிலேயே வேலை கிடைத்துவிட்டது. நாலு இடத்தில் தோற்றிருந்தால் கொஞ்சம் அடக்கம் வந்திருக்கும். நூற்றுக்கு நூறு வெற்றி என்பதால் ஆலோசகர் பதவியைத் தாமே எடுத்துக்கொண்டார்.

எங்கள் பெரியப்பாவுக்கு அந்த இன்டர்வியூ நடந்தது 1984-இல், வங்கி எழுத்தர் வேலைக்கு. எதிரே மூன்று பேர். முதலமைச்சர் யார் என்று கேட்டார்களாம். வெறுமனே எம்.ஜி.ஆர். என்று சொல்லாமல், "டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் சார்" என்றாராம் பெரியப்பா. "அந்த டாக்டரைச் சேர்த்தேன் பாரு, அங்கயே வேலை முடிஞ்சுது" என்பார். குடும்பத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளுக்கும் இந்தக் கதை மனப்பாடம். கல்யாண வீட்டுப் பந்தியில் பாயசம் வருவதற்குள் ஒருமுறை சொல்லி முடித்துவிடுவார்.

சித்தி மகனுக்கு ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் அழைப்பு வந்தது. பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து இறங்கினார். எல்லாச் சான்றிதழுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ், எல்லாவற்றிலும் கெசட்டட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும் என்றார். சுயசான்றொப்பம் போதும் என்று அரசாங்கமே சொல்லிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. "அது அவங்க பெருந்தன்மை. நாம நம்ம மரியாதையக் காப்பாத்திக்கணும்" என்றார்.

அடுத்தது நேரம். வெள்ளிக்கிழமை பத்தரை மணி என்றதும் முகம் கறுத்துவிட்டது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். கொஞ்சம் யோசித்து வழி கண்டுபிடித்தார்.

"இன்டர்வியூ எப்ப வேணா நடக்கட்டும். நீ எட்டு மணிக்கே கிளம்பிடு. கிளம்புற நேரம்தான் கணக்கு."

"பெரியப்பா, ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்ல."

"அப்ப எட்டு மணிக்கே பெட்ரூமை விட்டுக் கிளம்பி ஹாலுக்கு வந்துடு."

முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தெரியாத ஆளைப் போல முகத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பையன் கதவுக்கு வெளியே போய், அனுமதி கேட்டு, உள்ளே வந்து, உட்காரச் சொல்லும் வரை நிற்க வேண்டும். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். முதல் கேள்வி, ஆஸ்திரேலியாவின் தலைநகரம். பையன் சிட்னி என்றான். அதோடு அவனுக்கு வேலை கிடைக்காது என்று தீர்ப்பாகிவிட்டது.

"ஜாவா வேலைக்கு கான்பெரா எதுக்கு பெரியப்பா?"

"கேப்பான்டா. என்னைக் கேட்டானே."

பொழுதுபோக்கு என்னவென்று கேட்டால் புத்தகம் படிப்பது என்று சொல்லச் சொன்னார். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. இந்த விஷயத்தில் அவருடைய பாடநூல் 1981-இல் வந்த 'தில்லு முல்லு'. முதலாளிக்குப் பிடித்த மாதிரி வேஷம் போட்டு ரஜினி வேலை வாங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற மீசையில்லாத ஒரு தம்பியை உண்டாக்கிப் படம் முழுக்க அவர் பட்ட பாடு மறந்துவிட்டது.

இத்தனையும் நடக்கும்போது பெரியம்மா தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் போர்டில் சேர்க்கவில்லை. தலை நிமிராமலே கேட்டார்.

"ஏன்டா தம்பி, காலேஜ் முடிச்சு ஒரு வருஷம் வீட்ல இருந்தியே, என்ன பண்ணுன?"

"சும்மாதான் பெரியம்மா."

"சும்மான்னா? போனைப் பார்த்துக்கிட்டா?"

"இல்ல, ஜாவா கோர்ஸ் போனேன். சாயங்காலம் மாமா கடையில பில் போடுறத கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுத்தேன்."

"அதச் சொல்லேன். அதுக்கு எதுக்குத் திருதிருன்னு முழிக்குற? சரி, இப்ப இருக்கிற கம்பெனிய ஏன் விடுற?"

"மேனேஜர் சரியில்ல."

"எந்த மேனேஜர் சரியா இருக்கான்? உங்க பெரியப்பாகிட்ட வேலை பார்த்தவங்களக் கேட்டுப் பாரு. வேற காரணம் இருந்தா சொல்லு. சம்பளம் எவ்வளவு கேக்கப் போற?"

"அவங்க குடுக்குறத வாங்கிக்க வேண்டியதுதான்."

"அப்ப கம்மியாத்தான் குடுப்பாங்க. வாடகை, பஸ்சு, சாப்பாடு எல்லாம் கணக்குப் போட்டு ஒரு தொகையச் சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்க. இழுத்துக்கிட்டே இருந்தா நீயே குறைச்சிடுவ."

"இன்டர்வியூன்னா என்னன்னு தெரியாம நீ ஏன் குறுக்க வர்ற?" என்றார் பெரியப்பா.

மறுநாள் எச்.ஆர். அம்மையார் அதே மூன்றையும் அதே வரிசையில் கேட்டார். கான்பெரா பக்கம் யாரும் போகவில்லை. ஒரு நாள் முன்பே வெங்காயத்துக்கு எதிரில் முழித்து முடித்திருந்ததால், கேமராவுக்கு எதிரில் பையன் முழிக்கவில்லை. வேலை கிடைத்தது. பெரியப்பா ஃபைலைத் தடவிக் கொடுத்தபடி, "பச்சை மை வீண் போகலை" என்றார். அந்த ஃபைலைக் கேமராவில் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

உலகம் அவர் பேச்சைக் கேட்காமல் எப்போதோ நகர்ந்துவிட்டது. 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சி, டி பிரிவுகளுக்கும் கெசட்டட் அல்லாத பி பிரிவுக்கும் நேர்முகத் தேர்வு கிடையாது. ஐ.ஏ.எஸ். தேர்விலேயே மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275 தான்; மீதி 1750-ஐ எழுதித்தான் வாங்க வேண்டும். பெரியப்பா சேர்ந்த வங்கி எழுத்தர் வேலைக்கும் இப்போது இன்டர்வியூ இல்லை, எழுத்துத் தேர்வோடு சரி. இதைத் துணிந்து ஒருநாள் அவரிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "அதான் இப்பல்லாம் கவுன்டர்ல ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்க மாட்டேங்கிறான்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பா இருப்பார். ஃபைலைக் கொடுத்தால் மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள், எட்டு மணிக்குக் கிளம்பச் சொன்னால் கிளம்புங்கள். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் ஒரு அரைமணி நேரமாவது பெரியம்மாவுக்கு வெங்காயம் உரிக்க ஒத்தாசை செய்யுங்கள்.